அல் ஐனில் ஒரு ரோபோப் பெட்டி

துபாய் – அல் ஐன் சாலை

துபாயின் கண்ணாடிக் கட்டடங்கள் பின்னால் போனதும் மணலின் நிறம் மாறத் தொடங்குகிறது. கடலோரத்தில் வெளிறிக் கிடந்த மணல் உள்ளே போகப் போக மஞ்சளாகி, அல் ஐனை நெருங்கும்போது திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டின் சிவப்புக்கு வந்துவிடுகிறது. ஒட்டகங்கள் சாலைக்கு ஏறிவிடாதபடி இருபுறமும் கம்பி வேலி. வேலியை ஒட்டி வரிசையாக நட்ட மரங்கள். ஒவ்வொன்றின் காலடியிலும் கறுப்பு நிறச் சொட்டுநீர்க் குழாய்.

அந்த மரங்களில் பாதிக்கு மேல் நம்முடைய வன்னி. இங்கே அதை காஃப் என்கிறார்கள். அமீரகத்தின் தேசிய மரம் அது. விருத்தாசலத்தில் கோயில் மரமாக நான் சுற்றி வந்த மரம் இங்கே மணல்மேட்டின் உச்சியில் தனியாக நிற்கிறது. ஆழமாக வேர் விட்டு, யாரும் ஊற்றாத தண்ணீரைத் தானே தேடிக்கொள்ளும் மரம். ஜூலை மாதத்து வெயிலில் அதன் இலை பச்சையாக இருப்பதைப் பார்ப்பதே ஒரு நிறைவு.

அக்கா மகன் வண்டி ஓட்ட, அவனுடைய பையன் பின் இருக்கையில். பன்னிரண்டு வயது. பிறந்தநாளுக்குக் கிடைத்த 200 திர்ஹாம் அவனிடம் இருந்தது. அதற்கு ஒரு பிளாஸ்டிக் ரோபோ மாடல் வாங்க வேண்டும். அல் ஐனில் அவன் அப்பாவோடு வேலை பார்த்த அரபுக்காரர் ஒருவர் வீடு நிறைய இப்படிப்பட்ட ரோபோக்களை வைத்திருக்கிறார். வந்து பாருங்கள் என்று அழைத்திருந்தார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் அச்சு வெட்டும் டூல்ரூம்களில் வேலை செய்தே என் வயது போயிற்று. இந்தப் பெட்டிகளுக்குள் இருக்கும் அச்சு வேலையை நினைத்தாலே எனக்குக் கை துறுதுறுக்கும். அதனால் நானும் கிளம்பினேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 1979-இல் ஜப்பான் தொலைக்காட்சியில் ‘மொபைல் சூட் கன்டம்’ என்று ஒரு ரோபோத் தொடர் வந்தது. பார்த்தவர்கள் குறைவு. 43 அத்தியாயத்தோடு முன்கூட்டியே முடித்துவிட்டார்கள். அடுத்த வருடம், 1980 ஜூலையில், பண்டாய் நிறுவனம் அந்த ரோபோவை 300 யென்னுக்குப் பொருத்திக்கொள்ளும் மாடலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. நின்றுபோன கதையைத் தூக்கி நிறுத்தியதில் அந்த மாடலுக்குப் பெரிய பங்கு உண்டு. கதையில் 18 மீட்டர் உயரம். 144-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் பன்னிரண்டரை சென்டிமீட்டர், உள்ளங்கையில் நிற்கும். அன்றைக்கு அதைப் பசை போட்டு ஒட்டி, வண்ணமும் பூச வேண்டும். இன்றைக்குப் பசையும் வேண்டாம், வண்ணமும் வேண்டாம். பாகங்களை, அவை மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி எடுத்து அழுத்தினால் ஒன்றோடொன்று பொருந்திக்கொள்ளும். அந்த நாற்பது வருட மாற்றம் முழுக்க அச்சு வெட்டியவர்களின் கைவேலை.

அல் ஐன்: கஃபெட்டீரியாவும் தோப்பும்

அல் ஐனில் வானத்தை மறைக்கும் கட்டடம் கிடையாது. நாலைந்து மாடிக்கு மேல் எதுவும் கண்ணில் படவில்லை. ரவுண்டானா முடிந்தால் அடுத்த ரவுண்டானா. ஒவ்வொன்றிலும் புல், பூச்செடி. துபாயில் காலையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்க வைத்த கடல் ஈரம் இங்கே இல்லை. சூடு உண்டு, ஆனால் உலர்ந்த சூடு. சட்டை உடம்பில் ஒட்டவில்லை.

காலை ஆகாரம் கீழக்கரைக்காரர் ஒருவரின் கஃபெட்டீரியாவில். இருபது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் இருக்கிறார். தமிழ்க் குரல் கேட்டதும் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். “சென்னையா அண்ணே? உக்காருங்க, புரோட்டா சூடா இருக்கு. கடக் சாயா ஸ்ட்ராங்கா போடச் சொல்றேன்.” பக்கத்து மேசையில் கந்தூரா அணிந்த இரண்டு முதியவர்கள் ரெகாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நம் தோசையை விட மெல்லியது, மொறுமொறுப்பானது. உள்ளே முட்டை, பாலாடைக்கட்டி. பையன் அதைத்தான் கேட்டான். நான் புரோட்டாவும் மீன் சால்னாவும். கீழக்கரைக் கைப்பக்குவம் கடல் தாண்டியும் மாறவில்லை.

வெயில் ஏறுவதற்குள் பேரீச்சந்தோப்பைப் பார்த்துவிடுங்கள் என்று அவர்தான் துரத்தினார். ஊரின் நடுவிலேயே இருக்கிறது. ஆயிரத்து இருநூறு ஹெக்டேர், 1,47,000-க்கும் மேல் பேரீச்சை மரங்கள். மண்சுவர்களுக்கு இடையே நடைபாதை. உள்ளே நுழைந்ததும் வெப்பம் படி இறங்குகிறது. காய்கள் பழுக்கத் தொடங்கியிருந்தன. பாதி மஞ்சளும் பாதி தேன் நிறமுமாக இருக்கும் ருதப் பருவம். மரத்தடியில் பறித்துக்கொண்டிருந்த வங்காளத் தொழிலாளி ஒருவர் கைநிறையக் கொடுத்தார். கலாஸ் என்ற வகை. நம் ஊரில் பொட்டலத்தில் வரும் பேரீச்சையோடு வளர்ந்த நாக்குக்கு இது வேறு பழம்.

இந்தத் தோப்பை உயிரோடு வைத்திருப்பது ஃபலஜ். மலையடிவாரத்து நிலத்தடி நீரைச் சுரங்க வாய்க்கால் வழியாக, சரிவை மட்டுமே நம்பி, கிலோமீட்டர் கணக்கில் கொண்டுவருவது. இந்தத் தோப்புக்கு அல் ஐனி, அல் தாவூதி என்று இரண்டு ஃபலஜ்கள். பக்கத்தில் ஹீலியில் தோண்டியெடுத்தது ஏறக்குறைய மூவாயிரம் வருடப் பழமையானது. 2011-இல் இந்தத் தோப்புகளையும் ஹீலியையும் ஹஃபீத் மலையையும் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. ஃபலஜில் யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை அளவு பார்த்தல்ல, நேரம் பார்த்துப் பிரித்திருக்கிறார்கள்.

பெருவாய்க்காலிலிருந்து கிளை, கிளையிலிருந்து பாத்தி, ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு சின்ன மடை. மடையைத் துணியும் கல்லும் வைத்து அடைக்கிறார்கள். குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தபோது பேரனிடம் சொன்னேன்: “நீ வெட்டி எடுக்கிற ரோபோ பாகம் எல்லாம் ஒரு சட்டத்துல மாட்டிட்டு வருதே, அந்தச் சட்டம் இதே மாதிரி வாய்க்கால்தான்டா. உருகின பிளாஸ்டிக் இருநூறு டிகிரிக்கு மேல சூடா அது வழியா ஓடும். பாகத்துக்குள்ள நுழையற இடம்தான் மடை. கடைசிப் பாத்திக்குத் தண்ணி வந்துச்சான்னு பாக்கறவன்தான் நல்ல விவசாயி. வாய்க்கால் முனையில இருக்கற குட்டிப் பாகம் கூர் மழுங்காம வந்திருக்கான்னு பாக்கறவன்தான் நல்ல அச்சுக்காரன்.”

“அப்ப தாத்தா, பெட்டியைத் திறந்ததும் முனையிலதான் பாக்கணுமா?”

“ஆமா. நடுவுல இருக்கிற நெஞ்சுப் பாகம் எல்லார் அச்சுலயும் நல்லாத்தான் வரும்.”

மால்

உச்சி வெயிலுக்கு ஊரே மால்களுக்குள் போய்விடுகிறது. பொம்மைக் கடையின் ஒரு சுவர் முழுக்க ரோபோப் பெட்டிகள். அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் ஃபிலிப்பினோப் பெண் தானும் பொருத்துகிறவள். வளைகுடாவில் இந்தக் கலையை வளர்த்ததில் ஃபிலிப்பினோக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வெள்ளிக்கிழமை அறையில் நாலு பேர் கூடி உட்கார்ந்து வெட்டிப் பொருத்துவது அவர்களுக்குப் பழக்கம். நான் டூல்ரூம்காரன் என்று தெரிந்ததும், வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காகப் பிரித்து வைத்திருந்த சட்டங்களை மேசைக்குக் கீழிருந்து எடுத்துப் பரப்பினாள்.

பெட்டிகளில் தர வரிசை உண்டு. 2020-இல் வந்த என்ட்ரி கிரேடு, 1990-இல் தொடங்கிய ஹை கிரேடு, 2010-இல் வந்த ரியல் கிரேடு, 1995-இன் மாஸ்டர் கிரேடு, 1998-இன் பெர்ஃபெக்ட் கிரேடு. விலையும் ஏறக்குறைய அதே வரிசையில் ஏறும். முதலில் உடைக்க வேண்டிய எண்ணம், விலை ஏற ஏற அச்சு வேலையும் உயரும் என்பது. பெட்டியில் உயர்வது பெரும்பாலும் அளவும் பாகங்களின் எண்ணிக்கையும். அச்சின் சுத்தம் என்பது தனிக் கணக்கு.

அந்த மேசையில் என்னை அதிகம் வியக்க வைத்தது எல்லாவற்றிலும் மலிவான என்ட்ரி கிரேடுதான். ஜப்பானில் 700 யென். கட்டர் இல்லாமல் விரலாலேயே பாகத்தைச் சட்டத்திலிருந்து பிரிக்கலாம். பிரித்த இடத்தில் நகத்தால் தடவினேன், முள் இல்லை. மடையை அவ்வளவு மெல்லியதாக வெட்டினால் பிளாஸ்டிக் உள்ளே போவதற்குள் உறைந்து பாகம் அரைகுறையாக நின்றுவிடும். கொஞ்சம் தடிப்பாக வெட்டினால் விரலால் பிரிக்க முடியாது. அந்த இடைவெளியில் ஒரு அளவைப் பிடித்து, அதை ஒரு சட்டத்தின் அத்தனை மடைகளிலும் தவறாமல் வைத்திருக்கிறார்கள். சிவப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை எல்லாம் பிளாஸ்டிக்கின் நிறத்திலேயே வந்துவிடுகின்றன, ஸ்டிக்கரை நம்பவில்லை. இதை ஒரு தொடக்கக்காரச் சிறுவனின் காசுக்குக் கொடுக்கிறார்கள் என்றால், அந்த நிறுவனம் சிறுவனை மதிக்கிறது.

நான் எப்படிப் பார்ப்பேன் என்று பேரன் கேட்டான். காட்டினேன். முதலில் கை, கால் பாகங்களின் ஓரம். அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் மெல்லிய கோடு விழும். அது விரலில் தட்டக்கூடாது. அச்சு தேய்ந்திருந்தாலோ இறுக்கம் போதாமல் இருந்தாலோ அந்தக் கோட்டில் தோல் மாதிரி ஃபிளாஷ் வந்துவிடும். அடுத்து தடித்த பாகங்களின் வெளிமுகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். உள்ளே முட்டுக் கொடுத்த இடம் தடிப்பாக இருந்தால், குளிரும்போது சுருங்கி வெளியே சின்னப் பள்ளம் விழும். சிங்க் மார்க் என்போம். பிறகு பாகத்தை அச்சிலிருந்து தள்ளிவிடும் எஜெக்டர் பின்னின் வட்டத் தழும்பு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பொருத்திய பிறகு மறைந்துபோகும் உள்முகத்தில் விழ வைத்திருந்தால், வரைந்தவன் கடைசிவரை யோசித்திருக்கிறான். முழங்கையில் இரண்டு பாதிகளைச் சேர்த்தால் நடுவில் ஒரு கோடு தெரியும் அல்லவா? கெட்டிக்காரர்கள் அந்தக் கோட்டையே கவசத்தின் இணைப்புக் கோடாக வரைந்துவிடுகிறார்கள். பார்ப்பவனுக்கு அது குறையாகவே படாது.

ரியல் கிரேடு சட்டத்தில் ஒரு அதிசயம் உண்டு. கை கால் எலும்புக்கூடு முழுவதும் சட்டத்திலேயே மூட்டுகளோடு வார்க்கப்பட்டு வருகிறது. வெட்டி எடுத்த கணமே முழங்கால் மடங்கும். ஒன்றோடொன்று ஒட்டாத வேறு வேறு பிளாஸ்டிக்குகளை ஒரே அச்சில் அடுத்தடுத்து ஏற்றிச் செய்வது. அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். ஆனாலும் அதை வாங்கு என்று பேரனிடம் நான் சொல்லமாட்டேன். அந்த வரிசையின் ஆரம்ப கால ரோபோக்களில் மூட்டு சீக்கிரம் தளர்ந்துவிடும், நகம் அளவுப் பாகங்கள் தொட்டால் கழன்றுவிழும். அச்சின் சாதனையும் கையில் இருக்கும் சுகமும் வேறு வேறு. பன்னிரண்டு வயதுக்காரன் ரோபோவை எடுத்து ஆட்டுவான். ஆட்டத்தான் வேண்டும்.

அவன் கண் வேறொரு பெட்டியில் இருந்தது. பெரிய பெட்டி, மாஸ்டர் கிரேடு அளவு, 150 திர்ஹாம். பக்கத்தில் இருந்த அசல் மாஸ்டர் கிரேடு 240. “தாத்தா, இது மலிவு, அதுவும் பெருசு.” பெட்டியைத் திருப்பினேன். செய்தவர் பெயர் எங்கும் இல்லை. அசல் மாடலில் சட்டத்தின் ஓரத்தில் தயாரிப்பாளர் பெயர், மாடல் பெயர், எந்த பிளாஸ்டிக் என்பது வரை எழுத்துப் புடைப்பாக வார்த்திருக்கும். பாலிஸ்டைரீன் என்றால் அதன் குறி, ஏபிஎஸ் என்றால் அதன் குறி. கண்ணாடி அலமாரியில் இந்தப் பெட்டியின் ரோபோ ஒன்றைப் பொருத்தி நிறுத்தியிருந்தார்கள். நெற்றிக் கொம்பின் ஓரத்தில் ஃபிளாஷ். தோள் ஆணியைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக அழுத்தத் தழும்பு. ஒரு முழங்கால் உள்பக்கம் சாய்ந்திருந்தது.

நகல் ஏன் பொருந்துவதில்லை என்பதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. பாலிஸ்டைரீன் குளிரும்போது ஏறக்குறைய அரை சதவீதம் சுருங்கும். அசல் அச்சை வெட்டுகிறவன் அந்தச் சுருக்கத்தைக் கணக்கில் எடுத்து அச்சைப் பெரிதாக வெட்டுவான். வரைபடம் இல்லாமல், விற்பனைக்கு வந்த பாகத்தையே அளந்து அச்சு வெட்டுகிறவன், ஏற்கெனவே சுருங்கிய பாகத்தை மறுபடி சுருக்குகிறான். ஆணியும் துளையும் ஒரே அளவில் சுருங்கினால்கூட ஒப்பேற்றலாம். தடிப்பு வேறுபடுவதால் ஆளுக்கொரு அளவில் சுருங்குகின்றன. அதனால்தான் ஒரு மூட்டு இறுகி வெடிக்கிறது, அடுத்தது தொளதொளக்கிறது. இந்த 150 திர்ஹாமில் வாங்குவது பெட்டியின் அளவை மட்டும்தான்.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு திர்ஹாம் ஏறக்குறைய 40 யென். 700 யென் பெட்டி இங்கே 45 திர்ஹாம், இரண்டரை மடங்கு. 25,000 யென் பெர்ஃபெக்ட் கிரேடு கண்ணாடிக்குள் 1,150, இரண்டு மடங்குக்கும் குறைவு. கப்பல் கூலி எடைக்கல்ல, பெட்டி அடைக்கும் இடத்துக்கு. அதனால் மலிவுப் பெட்டிதான் விகிதத்தில் அதிகம் அடி வாங்குகிறது. இங்கே சுங்கம் 5 சதவீதம், 2018 முதல் மதிப்புக்கூட்டு வரி 5 சதவீதம். நம் நாட்டில் பொம்மைகளுக்கான சுங்கம் 20-லிருந்து 2020-இல் 60 ஆகி, 2023-இல் 70 சதவீதம் ஆனது. பதினாலு வயதுக்குட்பட்டவர்கள் விளையாடும் பொருளுக்கு 2021 முதல் ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். சென்னையில் இந்த ரோபோக்களுக்காகத் தவிக்கும் பையன்களை எனக்குத் தெரியும். அவர்கள் கிடைத்ததை, கேட்ட விலைக்கு வாங்குகிறார்கள். அங்கேதான் நகல் பெட்டி கொழுக்கிறது.

ஹீலிப் பக்கம்: ஒரு மஜ்லிஸ்

வீடு நிறைய ரோபோ வைத்திருக்கும் அந்த அரபுக்காரர் மாலைத் தொழுகைக்குப் பிறகு வரச் சொல்லியிருந்தார். ஹீலிப் பக்கம் மதில் சூழ்ந்த வீடு. வாசலை அடுத்து மஜ்லிஸ், விருந்தினர் கூடம். வீட்டுக்காரருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. பழைய தலைமுறை அமீரகத்தாரைப் போல உருது கலந்த இந்தி பேசுகிறார். ஏலக்காய் மணக்கும் கஹ்வா காப்பி, புதுப் பேரீச்சை, பேரீச்சம்பாகு ஊற்றிய லுகைமாத். கோப்பை காலியானதும் மறுபடி ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும் என்று அக்கா மகன் காதில் சொன்னான்.

உள் அறைக்கு அழைத்துப் போனார். ஜன்னல் இல்லாத அறை. சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. நடுத்தட்டில், எல்லாவற்றுக்கும் முன்னால், கன்டம் இல்லை, கிரெண்டைசர். இரண்டு கொம்பு வளைந்த கறுப்பு ரோபோ. கோ நாகாய் படைத்து, 1975-இல் ஜப்பானில் தொடங்கிய தொடர். 74 அத்தியாயம். எழுபதுகளின் கடைசியில் பெய்ரூட்டில், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அதை அரபியில் பேச வைத்தார்கள். முதன்மைப் பாத்திரத்துக்கு ஜிஹாத் அல் அத்ரஷ் குரல். பாட்டு சாமி கிளார்க். அரபுலகின் ஒரு தலைமுறை முழுக்க அந்தப் பாட்டை மனப்பாடமாக அறியும். ரியாத்தில் 2022-இல் 33 மீட்டருக்கு மேல் உயரத்தில் கிரெண்டைசருக்குச் சிலையே வைத்தார்கள்.

“எங்கள் தெருவில் இரண்டு வீட்டில்தான் டிவி” என்றார். “அந்த நேரம் வந்தால் கால்பந்து நின்றுவிடும். சொந்தக் கிரகத்தை எதிரி அழித்துவிட, அகதியாகப் பூமிக்கு வந்தவன் கதை. பெரியவர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள்.” எங்களுக்கு எண்பதுகளில் தூர்தர்ஷனில் வந்த ஜெயண்ட் ரோபோவைச் சொன்னேன். கைக்கடிகாரத்தில் பேசி ரோபோவை அழைக்கும் பையன். அவருக்கு அது தெரியவில்லை. கையை வாய் அருகே கொண்டுபோய் நடித்துக் காட்டியதும் சிரித்துவிட்டார்.

அவர் ரோபோவை மதிப்பிடும் முறை என்னுடையது அல்ல. நான் அச்சிலிருந்து தொடங்குகிறவன், அவர் வருடங்களிலிருந்து. பத்து வருடத்துக்கு முன் பொருத்திய ஒன்றை எடுத்து ஒற்றைக் காலில் நிறுத்தினார். நின்றது. அதே காலத்தில் வாங்கிய, அதைவிட இரு மடங்கு விலையுள்ள இன்னொன்றை நிறுத்தினார். இடுப்பு மெல்ல மடங்கிச் சாய்ந்தது. “வாங்கிய மாதத்தில் எல்லாம் நிற்கும்” என்றார். முதலாவதின் மூட்டுகளில் மென்மையான பாலிஎதிலீன் கிண்ணம், பாலிகேப், உள்ளே இருக்கிறது. இரண்டாவதில் கெட்டிப் பிளாஸ்டிக் கெட்டிப் பிளாஸ்டிக்கோடு நேராக உரசுகிறது. உரசி உரசித் தேய்ந்துவிட்டது. இப்போது வரும் மாடல்கள் பாலிகேப் இல்லாமலே நல்ல உராய்வு தரும் பிளாஸ்டிக்கில் வருகின்றன. அவற்றைப் பற்றிக் கேட்டேன். “பத்து வருடம் கழித்து வாருங்கள், சொல்கிறேன்.” அவர் நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

வெயில் பற்றிப் பேச்சு வந்தது. பாலிஸ்டைரீன் இளக ஏறக்குறைய 100 டிகிரி வேண்டும். அல் ஐன் வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அவ்வளவு ஏறாது. ஆனால் மெல்லிய பாகம் பாரம் தாங்கியபடி நாள் முழுக்க அந்தச் சூட்டில் கிடந்தால் வளையும், ஸ்டிக்கரின் பசை காயும், வெள்ளைப் பாகம் சூரிய ஒளியில் பழுப்பாகும். ஜன்னல் இல்லாத அறை அதற்காகத்தான். வண்ணம் பூசுவதில் எங்கள் இரண்டு ஊரும் எதிரெதிர் துருவம். சென்னையில் மழைக்காலத்தில் லாக்கர் ஸ்ப்ரே அடித்தால் காற்றின் ஈரம் புகுந்து பளபளப்பு வெளிறிப் பனி படர்ந்துவிடும். இங்கே பெயிண்ட் துளி பாகத்தைத் தொடுவதற்குள் காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாகப் படிகிறதாம். அவர் பெயிண்டில் தின்னர் கூடுதலாகச் சேர்த்து, கிட்ட வைத்து அடிக்கிறார். நாங்கள் வானொலியில் ஈரப்பதம் கேட்டுவிட்டு அடிப்போம்.

பேரன் அலமாரியை மூன்று முறை சுற்றி வந்துவிட்டு, தன் 200 திர்ஹாமுக்கு எதை வாங்கலாம் என்று அவரிடமே கேட்டான். அவர் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு ஹை கிரேடு ரோபோவைக் கையில் கொடுத்து, “கையைக் கழற்றி மறுபடி மாட்டு” என்றார். மாட்டினான். “மறுபடி.” மாட்டினான். “மறுபடி.” பிறகு சொன்னார்: “இது முந்நூறு தடவை தாங்கும். நீ முந்நூறு தடவை மாட்டுவாய். அதற்குத்தான் காசு.”

இரவுச் சாப்பாடு இல்லாமல் விடவில்லை. பெரிய தட்டில் மச்பூஸ் சோறு, எல்லோரும் ஒரே தட்டைச் சுற்றி. காய்ந்த எலுமிச்சையின் புளிப்பும் ஆட்டுக்கறியும். தன் பக்கத்திலிருந்து நல்ல கறித்துண்டுகளைப் பிய்த்துப் பிய்த்துப் பேரன் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்.

ஜெபல் ஹஃபீத்

மலைக்கு ஏறும் வழியில் மால் திறந்திருந்தது. பேரன் உள்ளே போனான், 150 திர்ஹாம் பெட்டியைக் கடந்து போனான், 85 திர்ஹாமுக்கு ஒரு ஹை கிரேடும் 45-க்கு ஒரு நல்ல கட்டரும் எடுத்துக்கொண்டு வந்தான். மீதி 70-ஐ மடித்து வைத்துக்கொண்டான். கட்டரில் காசு போட்டதுதான் அவன் செய்த மிகச் சரியான காரியம். மழுங்கிய கட்டர் நல்ல அச்சில் வந்த பாகத்தையும் நசுக்கி வெளுக்க வைத்துவிடும்.

ஹஃபீத் ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல். ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறும் சாலை. இரவு பத்து மணிக்கு மேலும் குடும்பங்கள் விரிப்பு போட்டு, ஃபிளாஸ்க்கில் சாயா வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அடிவாரத்தில் ஐயாயிரம் வருடத்துக்கு முன் கல்லை அடுக்கிக் கட்டிய கல்லறைகள் இருக்கின்றன. இருட்டில் பார்க்க முடியவில்லை. ஒரு பக்கம் அல் ஐனின் விளக்குகள், மறுபக்கம் ஓமான்.

திரும்பும் வழி

கீழக்கரைக்காரர் இன்னும் கடை மூடவில்லை. சாயா வருவதற்குள் பேரன் பெட்டியைப் பிரித்து மேசையில் சட்டங்களைப் பரப்பிவிட்டான். முனையில் இருந்த விரல் பாகத்தை முதலில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். கொம்பின் நுனியில் தடித்த ஒரு சின்னத் துண்டு இருந்தது. சின்னப் பிள்ளைகள் கண்ணில் குத்திக்கொள்ளாமலிருக்க வைத்தே வார்க்கிறார்கள், பெரியவர்கள் வெட்டிக்கொள்ளலாம் என்றேன். வெட்டலாமா என்று தன் அப்பாவைப் பார்த்தான். வெட்டினான்.

கடைக்காரர் ஒரு சட்டத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “ஒரே சட்டத்துல நாலு கலரு. இத நம்ம ஊர்ல செய்ய மாட்டாங்களா அண்ணே?”

செய்யக்கூடிய கைகள் இருக்கின்றன என்றேன். கிண்டியில் 1968 முதல் சிப்பெட் என்ற பிளாஸ்டிக் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, அங்கே படித்துவிட்டு வந்த பையன்கள் கார்களுக்கு வெட்டும் அச்சில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை பார்க்கிறார்கள். இல்லாதது பொறுமையுள்ள முதல். இந்த மாதிரி ஒரு எஃகு அச்சுக்குப் போடும் பணம் முதல் வருட விற்பனையில் திரும்பாது. 1980-இல் வெட்டிய முதல் கன்டத்தைப் பல பத்தாண்டுகள் கழித்தும் அதே 300 யென்னுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த அளவுக்குக் காத்திருக்க வேண்டும். ஜப்பானின் ஷிசுவோகா வட்டாரத்தில் பண்டாய், தமியா, ஹசெகாவா, அவோஷிமா என்று மாடல் கம்பெனிகள் கூடியிருப்பதால் அச்சு வெட்டுகிறவன் ஒரு தெரு தள்ளி இன்னொரு அச்சுக்காரனைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறான். அம்பத்தூரிலும் அந்தத் தெரு இருக்கிறது. அடுத்த வீட்டு மாடல் கம்பெனிதான் இல்லை.

“எத மொதல்ல செய்வீங்க?” என்றார்.

எனக்கு யோசிக்கத் தேவையிருக்கவில்லை. திருவாரூர் ஆழித்தேர். அலங்காரத்தோடு 96 அடி. நூறில் ஒரு பங்காக்கினால் 29 சென்டிமீட்டர், மாஸ்டர் கிரேடு ரோபோவைவிட உயரம். மரச்சிற்பத் தட்டுகளைத் தனித்தனிப் பாகமாக வார்த்து ஒன்றின் மேல் ஒன்றாக அழுத்தலாம். தொங்கல்களின் நிறத்தை ஸ்டிக்கரில் விடாமல் பிளாஸ்டிக்கிலேயே கொண்டுவரலாம். பசை வேண்டாம்.

பேரன் சட்டத்திலிருந்து தலையை நிமிர்த்தினான். “சக்கரம் சுத்துமா தாத்தா?”

“சுத்தணும்.”

“அப்ப அச்சாணியில பாலிகேப் போடுங்க. இல்லன்னா பத்து வருஷத்துல ஆடும்.”